சிடிசி மைல்ஸ்டோன் டிராக்கர்: எல்.கே.ஜி. வயதுப் பிள்ளைக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைக்க இன்று ஏகப்பட்ட செயலிகள் வந்துவிட்டன. பல செயலிகள் நாலு நாள் கழித்துச் சந்தா கேட்கும், இல்லாவிட்டால் பொம்மை விற்கும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி 2017-இல் வெளியிட்ட மைல்ஸ்டோன் டிராக்கரில் இந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் முழுக்க இலவசம். அந்தந்த வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் திறன்களை வரிவரியாகச் சொல்லும் பட்டியல்கள், 2 மாதம் முதல் 5 வயது வரை மொத்தம் 12. இங்கே பார்க்கப்போவது கடைசி மூன்றை மட்டும்: 3, 4, 5 வயது. கைக்குழந்தையாக இருக்கும்போது தடுப்பூசிக்கென்று அடிக்கடி மருத்துவரிடம் போகிறோம். மூன்று வயதுக்கு மேல் காய்ச்சல், சளி என்றால்தான் போகிறோம். வளர்ச்சியைத் தனியாக உட்கார்ந்து பார்க்க ஆளில்லாமல் போவது இந்த வயதில்தான்.

பிறந்த தேதியைக் கொடுத்தால் போதும், வயதுக்குரிய பட்டியல் வந்துவிடும். குறைமாதப் பிரசவம் என்றால் அதையும் பதிவுசெய்யுங்கள்; வயதைச் செயலியே சரிசெய்துகொள்ளும். இரண்டு வயதுகளுக்கு நடுவில் இருக்கும் பிள்ளைக்குக் கீழ்ப் பட்டியல்தான் கணக்கு. நாலே முக்கால் வயதுப் பிள்ளையை 5 வயதுப் பட்டியலில் வைத்துப் பார்த்துவிட்டு “ஒன்றுமே தெரியவில்லையே” என்று கலங்க வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ‘ஆம்’, ‘உறுதியில்லை’, ‘இன்னும் இல்லை’ என்று மூன்று பதில்கள். பல வரிகளுக்குப் படமோ சிறு வீடியோவோ உண்டு. முடித்ததும் தொகுப்பை மருத்துவருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம்.

இந்தப் பட்டியலை வாசிக்கும் முறையில்தான் பெற்றோர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். 2022 பிப்ரவரியில் பட்டியல்கள் திருத்தப்பட்டன. அதற்கு முன்பு, பாதிப் பிள்ளைகள் எட்டியிருக்கும் சராசரி வயதை ஒட்டியே பல திறன்கள் இருந்தன. அதனால் ஒன்று குறைந்தால் “போகப் போக வந்துவிடும்” என்று மருத்துவர்களே சொல்லி அனுப்ப இடமிருந்தது. இப்போது, அந்த வயதில் 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் எதிர்பார்க்கக்கூடிய திறன்கள் மட்டுமே இடம்பெறுகின்றன. ஆகவே எல்லா வரிக்கும் ‘ஆம்’ விழுந்தால் பிள்ளை மற்றவர்களைவிட முந்திவிட்டது என்று பொருளில்லை. நன்றாக வளர்கிறது, அவ்வளவுதான். ஒரு வரிக்கு ‘இன்னும் இல்லை’ விழுந்தால் அதை முன்போல் ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தத் திருத்தத்தை எல்லோரும் ஏற்கவில்லை. 50 சொல் பேசுவதை 30 மாதப் பட்டியலில் வைத்ததைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. பேச்சு விஷயத்தில் இந்தப் பட்டியலைவிட ஒரு படி கூடுதலாகவே கவனமாக இருங்கள்.

‘ஆம்’ போடுவதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்துப் பரீட்சை வைக்காதீர்கள். ஒரு வாரம் விளையாட்டிலும் சாப்பாட்டிலும் பார்த்துவிட்டுப் போடுங்கள். 4 வயதில் ‘மூன்று உறுப்புகளாவது உள்ள மனித உருவம் வரைவது’ என்று ஒரு வரி வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் வரைவது ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி, வட்டத்தின் அடியிலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கோடு. உடம்பே இருக்காது. தலை, கண், கால் என்று இதுவே மூன்றாகிவிடுகிறது. இரண்டு கண்ணை இரண்டாக எண்ணக் கூடாது, ஜோடிக்கு ஒன்றுதான். பக்கத்தில் இருந்துகொண்டு “கை எங்கடா? மூக்கு போடலையா?” என்று எடுத்துக்கொடுத்தால் அது பிள்ளை வரைந்த படமாகாது. பென்சிலைப் பிடிக்கும் விதமும் அதே பட்டியலில் தனி வரி: முஷ்டியால் இறுக்கிப் பிடிக்காமல் விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். பந்து பிடிப்பதைப் பார்க்க டென்னிஸ் பந்து சரிப்படாது. பெரிய ரப்பர் பந்தை ஆறடி தள்ளி நின்று, கீழிருந்து மெல்லப் போட்டுப் பாருங்கள்.

நம் வீடுகளில் ‘இன்னும் இல்லை’ அதிகம் விழுவது கைவேலை வரிகளில். பெரும்பாலும் அங்கே திறமை குறைவாக இருப்பதில்லை, வாய்ப்புதான் குறைவு. டி-சட்டை, எலாஸ்டிக் கால்சட்டை, வெல்க்ரோ செருப்பு என்று வளரும் பிள்ளை பட்டனைத் தொட்டே இருக்காது. 4 வயதில் பட்டன் கழற்றுவது, 5 வயதில் போடுவது என்பது வரிசை. கழற்றுவது எளிது என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். அப்பாவின் பழைய சட்டையை மேசையில் விரித்துப் பெரிய பட்டனில் பழக்கினால் போதும். உடம்பில் போட்டபடி கழுத்துப் பட்டனைக் கழற்றச் சொன்னால் கண்ணுக்கே தெரியாது, பிள்ளை சலித்துப்போகும். தானே பரிமாறுவது, தண்ணீர் ஊற்றுவது ஆகியவையும் இப்படித்தான். ஊட்டிவிட்டே பழகிய வீட்டில் இதற்கு இடமே இருக்காது. சின்னச் சொம்பில் பாதியளவு தண்ணீர், அகல வாய் டம்ளர், கீழே ஒரு தட்டு. சொம்பு நிறைந்திருந்தால் கனம் தாங்காமல் மணிக்கட்டு சட்டென்று சாயும், அங்கேதான் கொட்டுகிறது.

செயலி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே இருக்கிறது. இது பெரிய குறை. 3 வயதில் முள்கரண்டியால் சாப்பிடுவது என்ற வரிக்கு, கையால் பிசைந்து சிந்தாமல் சாப்பிடுகிறதா என்று பார்ப்பது நம் வீட்டுக்குப் பொருந்தும். “கோட் எதற்கு?” என்ற கேள்விக்குப் பதில் “குடை எதுக்கு?” என்று கேளுங்கள். எதுகைச் சொல்லுக்கு ‘கல், பல்’, ‘தட்டு, பட்டு’ போதும். 4 வயதில் நான்கு சொல் வாக்கியம் என்ற அளவை அப்படியே தமிழுக்குப் போட்டால் பிள்ளைக்கு அநியாயம். “நான் சாப்பிடமாட்டேன்” என்பது இரண்டு சொல்தான், ஆனால் ஆள், காலம், மறுப்பு எல்லாம் அந்த வினையிலேயே இருக்கின்றன. சொல் எண்ணிக்கையைவிட, யார், எங்கே, எப்போது என்று பிள்ளை சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது வேறு. நூறுவரை ஒப்பிப்பதைத்தான் நாம் விருந்தாளிக்கு முன் காட்டுகிறோம். சிடிசி 5 வயதில் கேட்பது பத்துவரை எண்ணுவதும், 1 முதல் 5 வரையிலான எண்களில் சிலவற்றைச் சுட்டிக்காட்டினால் சொல்வதும்தான். அதற்குச் சமமான இடத்தில் 4 வயதில் ‘அழுகிறவரைத் தேற்றுவது’, ‘கூடமாட உதவ விரும்புவது’, ‘கோயில், விளையாட்டுத் திடல் என்று இடத்துக்கேற்ப நடந்துகொள்வது’, 5 வயதில் ‘விளையாட்டில் தன் முறைக்காகக் காத்திருப்பது’ ஆகியவை நிற்கின்றன. விழுந்த தம்பியின் முழங்காலில் ஊதிவிடும் நாலு வயதுப் பிள்ளையைப் பெற்றவர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம். அதையும் வளர்ச்சி என்று எழுத்தில் குறிக்கவைப்பது இந்தச் செயலியின் பெரிய நன்மை. 5 முதல் 10 நிமிடம் ஒரு வேலையில் கவனம் என்ற வரியில், திரை பார்க்கும் நேரம் கணக்கில்லை என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள்.

இது ஒரு கவனிப்புக் கருவிதான், முறையான பரிசோதனைக்கு மாற்று ஆகாது. இதை சிடிசியே சொல்கிறது. பட்டன், மணி கோப்பது போன்றவற்றுக்குச் சில வாரம் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். பேச்சு பிந்தினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். முதலில் காதுப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் பரிசோதிக்க இந்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், அங்கன்வாடிப் பிள்ளைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. போகும்போது செயலியின் தொகுப்பையும், சந்தேகமுள்ள வரிகளுக்கு அரை நிமிட வீடியோவையும் எடுத்துப்போங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காமல் போவது வழக்கம்.

பகலில் பிள்ளை தாத்தா பாட்டியிடம் இருக்கிறது என்றால் செயலியை மட்டும் நம்பினால் பாதிதான் தெரியும். வயதுக்குரிய வரிகளைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். யார் எதைப் பார்த்தாலும் எதிரில் தேதி போடட்டும். வார இறுதியில் அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றினால் ‘உறுதியில்லை’ பெருமளவு குறைந்துவிடும்.