கப்பலா, கையோடா? சின்னப் பிள்ளைகளோடு பணித்தளம் திரும்பும்போது

இன்னும் 12 நாளில் கிளம்புகிறோம். விடுப்பு முடிந்து, வெளிநாட்டில் நாங்கள் மிஷனரி ஊழியம் செய்யும் பணித்தளத்துக்கு மறுபடி. மூத்தவனுக்கு 5 வயது, இளையவளுக்கு 22 மாதம். ஹாலில் 8 டஃபிள் பைகள் சுவரோரமாக வரிசையாகக் கிடக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மீதி சாமானெல்லாம் கப்பலில் போயாச்சா?" என்று கேட்கிறார்கள். கப்பலில் எதுவும் போகவில்லை. முதல் முறை போனபோது கப்பலில்தான் அனுப்பினோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த முறை கையோடு கொண்டுபோவது என்று முடிவு செய்தோம்.

இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும் என்பதால் எங்கள் கணக்கை எழுதிவைக்கிறேன். வழி மூன்று. கடல் சரக்காக அனுப்புவது, விமானத்தில் செக்-இன் பைகளாகக் கூடவே எடுத்துப்போவது, இருப்பதைக் கொடுத்துவிட்டு அங்கே போய் வாங்கிக்கொள்வது. நான் இரண்டாவதன் பக்கம். அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம், மிக்ஸி மாதிரியான எதையும் நாடு விட்டு நாடு தூக்கிப் போகவேண்டியதில்லை. மின்சாரமே ஒத்துவராமல் போகலாம். 230 வோல்ட் நாட்டுச் சாதனத்தை 120 வோல்ட் நாட்டில் செருகி என்ன செய்வது? ஆனால் எல்லாவற்றையும் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பது பெரியவர்கள் மட்டும் போகும்போது சரிப்படும். பிள்ளைக்குச் சரியான கார் சீட், பழகிய மருந்து, தாய்மொழிக் கதைப் புத்தகங்கள், காலுக்குப் பொருந்தும் நல்ல ஷூ ஆகியவை போன இடத்தில் முதல் வாரமே கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. அப்புறம், வந்து இறங்கிய அலுப்பில், இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குகிற தெம்பு யாருக்கு இருக்கும்? திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய சாமான்களை அங்கேயே உடன் ஊழியர்கள் வீட்டில் விட்டு வந்திருப்போம். எங்கள் கட்டிலும் மேஜையும் அப்படித்தான் காத்திருக்கின்றன.

இப்போது கப்பல்.

காகிதத்தில் பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. 20 அடி கண்டெய்னரில் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம் இருக்கிறது. முழுக் கண்டெய்னர் தேவைப்படாதவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். புத்தகம், சைக்கிள், தொட்டில், குளிர்காலப் போர்வை எல்லாம் அடங்கிவிடும். கிலோ கணக்கில் பார்த்தால் விமானம் கிட்டேகூட வரமுடியாது. நாங்கள் 3 கன மீட்டர் அனுப்பினோம். வாங்கின விலைச்சீட்டைப் பார்த்து, இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சீட்டில் இருந்தது துறைமுகம் வரைக்குமான கணக்கு. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் இறக்குகூலி, கிடங்குக் கட்டணம், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் கட்டணம், சுங்க வேலையை முடித்துத்தரும் கிளியரிங் ஏஜென்டின் கட்டணம் என்று தனியாக ஒரு வரிசை வந்தது. இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்தால் அதற்குப் பிறகு நாள் வாடகை. பங்குக் கண்டெய்னரில் இன்னொருவரின் பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்தினால் நம் பெட்டியும் சேர்ந்து நிற்கக்கூடும். மரப்பெட்டி என்றால் அந்த மரத்தைப் பொதுவாக 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடாக்கி, முத்திரை குத்தியிருக்கவேண்டும். முத்திரை இல்லாத மரத்தைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ செய்யக்கூடும். ஆனால் பணத்தையும் காகிதத்தையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முடிவைத் தீர்மானிக்கிறது வேறொன்று. சாமான் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதுதான் அது.

எங்கள் கப்பல் 5 வாரத்தில் துறைமுகம் சேர்ந்தது. பெட்டி வீட்டுக்கு வந்தது 7-ம் மாதம்.

இடையில் நடந்தது இது. வீடு மாறி வருகிறவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகளில் சுங்க வரிவிலக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்க, பாஸ்போர்ட்டில் குடியிருப்பு அனுமதி இருக்கவேண்டும். ஊழியத்துக்காகப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி பெரும்பாலும் போய் இறங்கிய பிறகுதான் வரும். எங்களுக்கு 5 மாதம் ஆனது. அந்த 5 மாதத்தில் பாதி நாள் பாஸ்போர்ட் ஒரு அலுவலகத்தில் இருந்தது. சுங்கத்திலோ அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நகலை நீட்டினால் தலையசைக்கக்கூட மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் என் வீட்டுக்காரர் இரண்டு அலுவலகத்துக்கும் நடந்தார். கிடங்கு வாடகை ஓடிக்கொண்டே இருந்தது.

பெட்டி வந்த அன்று நான் முதலில் தேடியது மகனின் பையை. கிளம்பும்போது அவனுக்கு ஒரு வயது. இனிமேல் தேவைப்படும் என்று ஒரு அளவு கூட்டி வாங்கிய நீல நிற ஷூ அதில் இருந்தது. விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தேன். குதிகால் உள்ளே போகவே இல்லை. தொட்டிலைப் பொருத்திவைத்தோம், அவன் ஏறமாட்டேன் என்றான். 6 மாதமாகத் தரைப் படுக்கையில் எங்களுக்கு நடுவில் படுத்துப் பழகியிருந்தான். துணிகளில் பூஞ்சை வாடை அடித்தது. கண்டெய்னருக்குள் பகல் சூட்டில் காற்றில் கலக்கும் ஈரம் ராத்திரி குளிர்ந்ததும் கூரையில் படிந்து சொட்டும், அதற்குச் சிலிக்கா ஜெல் பைகளும் பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கவேண்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் ஈரத்தை அப்படித் தடுத்திருக்கலாம். போன 7 மாதத்தைத் தடுத்திருக்க முடியாது. பெரியவர்களுக்கு 7 மாதம் ஒரு தாமதம். ஒரு வயதுக் குழந்தைக்கு அது அவன் ஆயுளில் பாதிக்கு மேல். அனுப்பிய சாமான் போய்ச் சேர்ந்தபோது அதற்கு உரிய குழந்தையே அங்கே இல்லை.

இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த மிஷனரி வில்லியம் கேரியின் குடும்பத்தை அப்போது அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1793 ஜூனில் கைக்குழந்தை உட்பட 4 பிள்ளைகளோடு கப்பல் ஏறி நவம்பரில் கல்கத்தா சேர்ந்தார்கள். 5 மாதக் கடல். நினைத்தாலே வயிறு கலங்கும் பயணம். ஆனாலும் அவர்களும் அவர்களின் பெட்டிகளும் ஒரே கப்பலில்தான் போயிருப்பார்கள். நாம் ஒரே நாளில் போய் இறங்கிவிடுகிறோம், நம் வீடு மட்டும் பின்னால் எங்கோ கடலில் மிதந்து வருகிறது.

அது எப்போது கரை சேரும் என்பதும் நம் கையில் இல்லை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி 6 நாள் அடைத்துக்கொண்டது. மீட்ட பிறகும் இழப்பீட்டுத் தகராறில் அந்தக் கப்பலும் அதிலிருந்த சரக்கும் ஜூலை வரை நின்றன. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அதனால் பயணம் ஒன்றிரண்டு வாரம் கூடியது.

"நீங்கள்தான் திரும்பிப் போகிறீர்களே, அனுமதி ஏற்கெனவே இருக்குமே" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அனுமதி செல்லுபடியாக இருந்தால் கப்பலின் பெரிய தலைவலி குறையும். ஆனால் அந்த வரிவிலக்கே புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு என்று வைத்திருக்கும் நாடுகள் உண்டு. சில மாத விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அனுப்பும் முன்னால், சேருமிடத்துக் கிளியரிங் ஏஜென்டிடம் உங்கள் விசா வகையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இங்கே சரக்கை ஏற்றுகிறவர் தரும் வாய்வார்த்தை அங்கே செல்லாது.

சரி, பைகளுக்கு வருகிறேன்.

எங்கள் டிக்கெட்டில் ஒரு சீட்டுக்கு 2 பை, பைக்கு 23 கிலோ. இளையவளை மடியில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான சர்வதேச விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் போலத்தான் ஆகும். முதலில் அதுதான் திட்டம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவளுக்கும் சீட் எடுத்தால் இன்னும் 2 பை, 46 கிலோ. நீண்ட பயணத்தில் கார் சீட்டை அந்த இருக்கையிலேயே பொருத்தி அவளைத் தூங்கவைக்கலாம். இரண்டு வயதை நெருங்கும் பிள்ளையை அத்தனை மணி நேரம் மடியில் வைத்திருப்பது யாருக்கும் எளிதில்லை. சீட் எடுத்துவிட்டோம். மொத்தம் 184 கிலோ. தள்ளுவண்டியைப் பெரும்பாலான விமானங்களில் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று விசாரியுங்கள். மிஷனரி ஊழியர்களுக்கும் தொண்டுப் பணியாளர்களுக்கும் என்று தனிக் கட்டணம் வாங்கித்தரும் பயண முகவர்கள் இருக்கிறார்கள். சில விமானங்களில் அந்தக் கட்டணத்தில் கூடுதல் பையும் தேதி மாற்றும் வசதியும் கிடைக்கும். எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகள் வேண்டாம் என்றேன். காலிப் பெட்டியே 4 கிலோ, 5 கிலோ இருக்கிறது. துணி டஃபிள் அதில் பாதிகூட வராது. 8 பையில் அந்த வித்தியாசமே ஒரு பைக்கு நிகர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வரவேண்டும், அதையும் அளந்துகொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

ஒருவரின் துணி எல்லாம் ஒரே பையில் போகக்கூடாது. ஒவ்வொரு பையிலும் நான்கு பேரின் துணியும் கொஞ்சம் இருக்கிறது. ஒன்று தொலைந்தாலும் ஒரு பிள்ளை மாற்றுத்துணி இல்லாமல் நிற்காது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 21 நாள் ஆகியும் பை வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். சேதம் என்றால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுதிக்கொடுக்கவேண்டும். தொலையும் பயம் பைகளிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொலைந்ததா இல்லையா என்பது 3 வாரத்தில் தெரிந்துவிடும்.

விடுப்புக்கு ஊர் வந்தபோது பைகளை மட்டும் வைத்துத்தான் வந்தோம். வந்து இறங்கிய ராத்திரி, புது வீடு, பிள்ளைகளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. முன்கூட்டியே சிவப்புத் துணி கட்டி வைத்திருந்த பையை முதலில் திறந்தேன். இரண்டு பேரின் படுக்கை விரிப்பும் துவைக்காமல் மடித்து வைத்திருந்தேன், பழைய வீட்டின் வாசம் போய்விடக்கூடாது என்று. மஞ்சள் ராத்திரி விளக்கு, ஒரு முயல் பொம்மை, மூன்று கதைப் புத்தகங்கள். மகன் விரிப்பில் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பெட்" என்றான். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். முதல் பயணத்தில் அவன் மூன்று வாரம் ராத்திரிதோறும் விழித்து அழுதது அப்போது நினைவுக்கு வந்தது. வயது வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம், விரிப்பால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன்.

கப்பலே சரி என்று நான் சொல்லக்கூடிய வீடுகளும் உண்டு. பத்து வருஷம் இருக்கப் போகிறவர்கள், நான்கைந்து பிள்ளைகள் உள்ளவர்கள், மருத்துவக் கருவியோ தச்சுக் கருவியோ கொண்டுபோக வேண்டியவர்கள், வீட்டுப்பள்ளி நடத்த அலமாரி அலமாரியாகப் புத்தகம் தேவைப்படுகிறவர்கள். அவர்களும் முதல் ஒரு வருஷத்துக்குப் பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கையோடு வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும். விமான சரக்கை நாங்கள் முயன்றதில்லை. உண்மை எடை குறைவாக இருந்தாலும் ஒரு கன மீட்டரை 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள், அதனால் மெத்தை, பொம்மை மாதிரி லேசான பெரிய பொருளுக்கு அது கட்டுப்படியாகாது என்பது மட்டும் கணக்கிலேயே தெரிகிறது. சுங்க வேலையும் அங்கே தனியாக உண்டு.

பைகளில் வலிக்கிற இடம், விட்டுவிட்டுப் போவதுதான். சபையார் அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும் பொம்மைகளுக்கு இடமில்லை. கேட்டவர்களிடம் புத்தகம் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். மகனின் மூன்று சக்கர சைக்கிள் வராது. நாடு மாறும் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த டேவிட் போலக், ஒப்புரவாவது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகிற இடத்தை நினைப்பது என்று நான்கு கட்டைகளால் ஆன தெப்பம் ஒன்றை, இந்த மாற்றத்தைக் கடப்பதற்கு உவமையாகச் சொன்னார். விடைபெறுவதில் மனிதர்கள் மட்டுமல்ல, இடமும் பொருளும் சேரும். அதனால் சைக்கிளை நாங்களாக யாருக்கும் கொடுக்கவில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்று அவனையே கேட்டோம். இரண்டு நாள் யோசித்துப் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையின் பெயரைச் சொன்னான். நேற்று அவனே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தான். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை.

ஏழு பைகள் கட்டி, எடை போட்டு, எண் ஒட்டியாயிற்று. சிவப்புத் துணி கட்டிய எட்டாவது பை 20 கிலோவில் நிற்கிறது. அதில் 3 கிலோ விட்டுவைத்திருக்கிறேன். கிளம்புகிற காலையில் பிள்ளைகள் எழுந்த பிறகு, விரிப்பை உருவி அப்படியே மடித்து வைக்க.