பொருளாதாரப் பணியா, வர்த்தகப் பணியா?

எம்.ஏ. பொருளாதாரம் முடித்து, ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கை வகுக்கும் இடத்துக்குப் போக விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: குறிப்பு எழுதிக் கொடுக்கப் பிடிக்குமா, உத்தரவு போடப் பிடிக்குமா? முன்னது இந்தியப் பொருளாதாரப் பணி, பின்னது இந்திய வர்த்தகப் பணி; இரண்டும் மத்திய அரசுப் பணிகள்.

2023 ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்தது. அறிவிக்கையை வெளியிட்டது டிஜிஎஃப்டி எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம். அதற்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு போன்ற சிலவற்றுக்கு அதில் விலக்கு இருந்தது. கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்தவர் மாட்டிக்கொண்டார்; ஏற்றத் தொடங்கியிருந்தவர் தப்பித்தார். இந்திய வர்த்தகப் பணி அதிகாரியின் அன்றாடம் இத்தகைய விதிகளோடுதான். இயக்ககத்தின் கோவை அலுவலகத்தில் அமர்ந்தால், வரியில்லாமல் இயந்திரம் இறக்குமதி செய்த பின்னலாடை முதலாளி, நிபந்தனைப்படி, அதில் மிச்சம்பிடித்த வரியைப்போல் ஆறு மடங்குக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தாரா என்று கோப்பைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆளும் பேரும் தெரிகிற வேலை.

இந்தியப் பொருளாதாரப் பணி வேறு வகை. தடை விதித்தால் விலை எவ்வளவு இறங்கும், விவசாயிக்கு என்ன இழப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். முடிவு உங்களுடையதல்ல. ஆண்டுதோறும் வரும் பொருளாதார ஆய்வறிக்கைக்குப் பின்னால் இவர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அறிக்கையின் அட்டையில் இவர்கள் பெயர் இராது. அதைப் பொறுக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

நுழையும் வழியிலும் பெரிய வித்தியாசம். பொருளாதாரப் பணிக்குத் தனித் தேர்வு, முதுகலைப் பட்டம் கட்டாயம். எழுத்துத் தேர்வின் 1,000 மதிப்பெண்ணில் 800 பொருளாதாரத்துக்கே, விடை ஆங்கிலத்தில்தான். இடங்களோ சொற்பம்: 2024இல் 18, 2025இல் 12. வர்த்தகப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வு. எந்தப் பட்டமும் போதும், முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்காது, தரவரிசை கொடுப்பதே கிடைக்கும். வர்த்தகப் பணிக்கென்றே படித்து எழுதுகிறேன் என்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு என்பது மூன்றாவது கனவு. அதற்குப் பிரெஞ்சோ ஸ்பானிஷோ தெரிந்திருந்தால் கை கொடுக்கும். முதல் வேலையாக அதை நம்பி உட்காராதீர்கள்.

என் சாய்வு பொருளாதாரப் பணிப் பக்கம். பொதுப் பிரிவினருக்கு அதன் வயது வரம்பு 30, குடிமைப் பணிக்கு 32. குடிமைப் பணித் தேர்வில் பொருளாதாரத்தையே விருப்பப் பாடமாக எடுத்தால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். கதவு முதலில் எங்கே சாத்தப்படுகிறதோ அங்கே முதலில் தட்டுங்கள்.