மோனோ என்று சொல்லி வண்ணக் கேமராவை விற்கிறார்கள்: சூரியனைப் படமெடுப்பவர்கள் கவனிக்கவும்

தொலைநோக்கியில் பொருத்திச் சூரியனைப் படமெடுக்கக் குறைந்த விலையில் கேமரா தேடுகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சோனியின் ஐஎம்எக்ஸ்174 சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு), மோனோ (பிக்சல்கள்மேல் வண்ண வடிகட்டி இல்லாத, கறுப்பு வெள்ளை வகை), வேகமான யுஎஸ்பி 3 இணைப்பு, நொடிக்கு 150 படங்கள் என்று விளம்பரம் செய்து, இவற்றில் பாதிகூட உண்மையில்லாத ஒரு கேமராவை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஹைட்ரஜன் ஆல்பா வடிகட்டி வழியாக எடுத்த மூலப்படத்தை (மென்பொருள் எதுவும் திருத்தாத படம்) பெரிதாக்கிப் பார்த்ததுமே குட்டு வெளிப்பட்டது. சூரியனின் முகம் முழுக்க நுண்ணிய கட்டங்கள். நான்கு பிக்சல்களில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்ற மூன்றும் ஏறக்குறைய இருட்டு. ஹைட்ரஜன் ஆல்பா என்பது 656.28 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. வண்ண சென்சாரில் நான்கு பிக்சல்களில் ஒன்றின்மேல்தான் சிவப்பு வடிகட்டி இருக்கும். மற்றவை அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதாவது சென்சாரின் முக்கால் பங்கு வீண். மோனோ சென்சாரில் இப்படிக் கட்டம் விழ வழியே இல்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, "மென்பொருளில் மோனோ என்று ஒரு தேர்வு இருக்கிறது சார், அதை அழுத்துங்கள்" என்றார். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதற்கும் மோனோ சென்சாருக்கும் என்ன சம்பந்தம்? தெரியாமல் சொன்னார் என்று நான் நம்பவில்லை. சோனி சென்சார்களின் எண்ணுக்குப் பின்னால் எல்எல் என்று வந்தால் மோனோ, எல்கியூ என்று வந்தால் வண்ணம். அந்த முழு எண்ணைத்தான் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அடுத்தது வேகம். பகலில் வெயிலால் காற்று கொதித்துக்கொண்டே இருக்கும். அது ஒரு கணம் அடங்கும்போது கிடைக்கும் தெளிவான படங்களைப் பொறுக்கியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவதுதான் இந்தக் கலையே. அதனால்தான் வேகத்துக்கு இவ்வளவு மதிப்பு. என் கேமரா முழுப் பரப்பில் நொடிக்குப் பதினைந்து படங்களைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1936 x 1216 பிக்சல்கள், 8 பிட் (பிக்சலுக்கு ஒரு பைட்) என்றால் ஒரு படம் சுமார் 2.35 மெகாபைட். யுஎஸ்பி 2 நடைமுறையில் நொடிக்கு 40 மெகாபைட் அளவுக்குத்தான் கடத்தும். யுஎஸ்பி 3 போலத் தோன்ற இணைப்புத் துளைக்குள் நீல நிறம் பூசியிருந்தார்கள், உள்ளே இருந்ததோ யுஎஸ்பி 2. விளம்பரத்தில் சொன்ன 150 வர வேண்டுமென்றால் படத்தின் பரப்பைத் தீப்பெட்டி போலச் சுருக்க வேண்டும். வேக எண்ணைச் சொல்பவரிடம், எந்தப் பரப்பில், எத்தனை பிட்டில் என்று கேளுங்கள்.

கேமராவுடன் ஓர் "இலவச சூரிய வடிகட்டி"யும் வந்தது. இதுதான் எனக்குப் பெருங்கோபம். கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் சிறிய கறுப்புக் கண்ணாடி அது. தொலைநோக்கி ஒளியைக் குவிக்கும் இடத்துக்கு அருகில் வைத்தால் அந்தச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் அப்போதே போய்விடும். அத்தகைய வடிகட்டி உங்களிடம் இருந்தால் இன்றே உடைத்து எறியுங்கள். வெண்ணொளியில், அதாவது எல்லா நிறமும் சேர்ந்த சாதாரணச் சூரிய ஒளியில் பார்க்க, தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் வடிகட்டி வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு ஒளியடர்த்தி 5, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வர வேண்டும். ஒளியடர்த்தி 3.8 உள்ள வடிகட்டிப் படலம் படமெடுக்க மட்டுமே.

வெண்ணொளியில் சூரியப் புள்ளிகளை மட்டும் எடுப்பவர்களுக்கு வண்ணக் கேமரா போதும், அதில் தவறில்லை. ஆனால் அதை வண்ணக் கேமரா என்று சொல்லியே விற்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் முடியாது என்று பதில் வந்தது. அதே கேமரா அதே வாசகங்களுடன் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள், சிவப்பு விளக்கை நோக்கி எடுத்த, சுருக்கப்படாத ஒரு மூலப்படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் தெரிந்தாலோ, அனுப்ப மறுத்தாலோ வாங்காதீர்கள்.