பொயின்செற்றியா: நத்தாருக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கலாமா?

நத்தாருக்கு வாங்கும் சிவப்புப் பொயின்செற்றியாச் சாடியைப் பலர் தைப்பொங்கலோடு குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பத் தேவையில்லை. முறையாகப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் அது வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் கடையில் பார்த்த குள்ளமான, அடர்ந்த வடிவம் திரும்பி வராது. வளர்ப்பவர்கள் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்தே அதை அப்படிக் குறுக்கி வைத்திருப்பார்கள். மருந்தின் வேகம் போனதும் செடி தன் இயல்புக்குக் கிளம்பும். நிலத்தில் நட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். இன்னொன்று, இரண்டாம் வருடச் சிவப்பு நத்தாருக்குச் சரியாக அமைவது அபூர்வம். தையில் சிவந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

வாங்கும்போது சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவப்பாக இருப்பவை இலைகள்தான். பூ என்பது நடுவில் இருக்கும் மஞ்சள் மணிகள். அவை மூடியபடி பச்சை கலந்து இருந்தால் செடி புதியது. விரிந்து மகரந்தம் கொட்டியிருந்தால், அல்லது உதிர்ந்து நடு வெறுமையாக இருந்தால், சிவப்பிலைகளும் விரைவில் கொட்டத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றுங்கள். உள்ளே எதிலீன் வாயு (காய்களைப் பழுக்க வைக்கும் வாயு) தேங்கினால் இலைக்காம்புகள் தொங்கிவிடும். அதே காரணத்தால் பழுக்க வைத்த வாழைக்குலைக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. சாடியைச் சுற்றிய மினுங்கல் தாளின் அடியில் ஓட்டை போடாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பொயின்செற்றியா சாவதற்கு முதற்காரணம் இதுதான், வெயில் அல்ல. அழுகிய வேரும் தண்ணீர் உறிஞ்சாது என்பதால் செடி வாடியே நிற்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம், கதை முடியும். விரலை இரண்டு சென்ரிமீற்றர் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். வாடை மழை முடியும்வரை சாடி விறாந்தையில், காலை வெயில் படும் பக்கத்தில் இருக்கட்டும். மின்விசிறிக் காற்று நேரே படக் கூடாது.

மாசி கடைசியில் சிவப்பு மங்கியதும் வெட்டலாம். ஒவ்வொரு கிளையிலும் நான்கு முதல் ஆறு கணு விட்டு, மண்ணிலிருந்து 10–15 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டுங்கள். பால் வடியும், தண்ணீர் தெளித்தால் நிற்கும். பிறகு சாடி மாற்றம். பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமான சாடி போதும். பெரிய சாடியில் ஈரம் காயாமல் வேர் கெடும்.

கலவையில்தான் நம்மூர்ப் பிரச்சினை தொடங்குகிறது. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்துக்கு அருமையானது, சாடியில் தனியே போட்டால் இறுகிவிடும். கழுவிய தும்புச்சோறு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, பருமணல் அல்லது உமிக்கரி ஒரு பங்கு சரியாக வரும். தும்புச்சோற்றைக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும்.

அடுத்தது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பொயின்செற்றியாவுக்குப் பிடித்த அமிலகாரச் சுட்டி (pH) ஏறத்தாழ 5.8–6.3, அதாவது சற்று அமிலத்தன்மை. சாடி விளிம்பில் வெள்ளைப் படலம் படியும்போதே மண்ணில் இரும்பு கட்டுண்டு போகத் தொடங்கியிருக்கும். நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளானால் அது இரும்புக் குறை. அடி இலை முழுதாக மஞ்சளானால் நைதரசன் குறை அல்லது வேர் அழுகல். இரண்டையும் குழப்பி உரத்தை அள்ளிப் போட்டால் வேர் கருகும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் இதற்கு ஒதுக்குங்கள். இரும்புக் குறைக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராம் பெரஸ் சல்பேற் கரைத்து, சில சொட்டு தேசிக்காய்ச் சாறு விட்டு, மாலையில் பச்சை இலையில் மட்டும் தெளிக்கலாம். கரையோரத்தில் கிணறு உவராக இருந்தால் மழைத்தண்ணீர் இல்லாமல் இந்தச் செடியை வைத்திருக்க நினைக்காதீர்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் செடியை மதிலின் மறைவில் வையுங்கள். காய்ந்த காற்று இளந்தளிரைக் கருக்கிவிடும். புதுக்கிளை ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், கடைசிக் கிள்ளல் ஓகஸ்ட் முடிவுக்குள். வெட்டிய நுனிகளில் 10 சென்ரிமீற்றர்த் துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துப் பால் நிறுத்தி, தும்புச்சோறும் மணலும் கலந்து ஊன்றினால் மூன்று நான்கு கிழமையில் வேர் பிடிக்கும்.

இனி சிவப்பு. குளிர் நாட்டுக் குறிப்புகள் எல்லாம் ஒக்ரோபரில் இருந்து தினமும் 14 மணித்தியாலம் பெட்டியால் மூடச் சொல்லும். இங்கே அதைச் செய்தால் செடி உள்ளே அவிந்துவிடும், தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே 12¾ மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், மார்கழியில் 11½. பகல் ஏறக்குறைய 12 மணி 20 நிமிடத்துக்குக் கீழே இறங்கினாலே செடி பூக்கவும் சிவக்கவும் ஆயத்தமாகும். அது செப்ரெம்பரிலேயே நடந்துவிடுகிறது.

அப்படியானால் ஏன் பிந்துகிறது? இரவுச் சூடு. இரவு வெப்பநிலை 23 பாகைக்கு மேல் நின்றால் பூ உருவாவது தாமதமாகும். இங்கே ஒக்ரோபர் இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். மாரி வந்து குளிர்ந்த பிறகே வேகம் பிடிக்கும். ஆகவே செப்ரெம்பரில் இருந்து மொட்டைமாடியிலோ, பகல் முழுதும் வெயில் குடித்த மேற்குச் சுவரோரத்திலோ வைக்க வேண்டாம். கிணற்றடி போலக் குளிர்ச்சியான, காற்றோட்டமான இடம் நல்லது.

மற்றக் காரணம் வெளிச்சம். தெருவிளக்கு, விறாந்தை மின்குமிழ், ஏன் நத்தார் சோடனை விளக்குக்கூட இரவில் செடியில் விழுந்தால் அதற்கு அது பகல். ஒரு பக்கம் சிவந்து விளக்குப் பக்கம் பச்சையாக நிற்கும் செடிகளைப் பார்த்தால் விளங்கும். (மின்வெட்டை வரவேற்கக்கூடிய ஒரே சீவன் இதுதான்.) இடம் மாற்ற முடியாவிட்டால் இருட்டியதும் கறுப்புத் துணியால் தளர்வாக மூடி, விடிந்ததும் எடுங்கள். பொலித்தீன் வேண்டாம்.

வெள்ளை ஈக்கு ஒரு லீற்றரில் ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில சொட்டு சவர்க்காரக் கரைசலுடன், இலையின் அடியில் அடிக்க வேண்டும். சிவந்த பின் அடித்தால் கறை விழும். எறும்பு ஏறுகிறது என்றால் கணுவில் மாவுப்பூச்சி இருக்கும். ஸ்பிரிற் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

பால் உயிரை எடுக்கும் நஞ்சு அல்ல. ஆனாலும் தோலில் பட்டால் சிலருக்குத் தடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். வெட்டும்போது கையுறை போடுங்கள், ஆட்டுக்குக் குழை வெட்டும் கத்தியால் வெட்டினால் கழுவிவிடுங்கள்.