30 மணி நேர இலவசம்: பள்ளி நர்சரியா, டே நர்சரியா?

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, குழந்தையின் 9 மாதத்திலிருந்தே வாரம் 30 மணி நேரப் பராமரிப்புச் செலவை அரசு ஏற்கிறது. 2025 செப்டம்பரில் வந்த விரிவாக்கம் இது. எங்கள் மகளுக்கு 3 வயது முடிந்தபோது தெருமுனைப் பள்ளி நர்சரியை விட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கத்துத் தனியார் டே நர்சரியில் சேர்த்தோம்.

பள்ளி நர்சரியில் செலவு மிகக் குறைவு, பயிற்சி பெற்ற ஆசிரியர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். எல்லாம் நல்லதுதான். நேரம்தான் உதைக்கிறது. 9 முதல் 3 வரை, ஐந்து நாள். முக்கால் மணி நேரம் ரயிலில் போகிறவர் 10 மணிக்கு மேல்தான் இருக்கையில் உட்கார முடியும். 2 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு ஓட வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் இலவசம், அதில் வேலைக்குத் தேறுவது நான்கு. அப்புறம், இதெல்லாம் வருடத்தில் 38 வாரத்துக்குத்தான். கோடையில் மட்டும் ஆறு வாரம் பள்ளி மூடிக் கிடக்கும். அம்மா, அத்தை யாரும் பக்கத்தில் இல்லாத எங்களைப் போன்றவர்கள் அப்போது என்ன செய்வது?

டே நர்சரியில் அதே 30 மணி × 38 வாரம், அதாவது 1,140 மணி நேரத்தை வருடம் முழுவதும் பரப்பிக்கொள்ளலாம். வாரத்துக்குச் சுமார் 22 மணி வரும். ஒரு நாளில் 10 மணி நேரம் வரை பயன்படுத்தலாம் என்பதால் இரண்டு முழு நாள் கையில் கிடைக்கிறது. மூன்றாம் நாளுக்கு நாங்கள் கட்டுகிறோம். அதிலும் குழந்தைப் பராமரிப்புக்கான அரசின் வரிச் சலுகைக் கணக்கில் (Tax-Free Childcare) 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. மூன்று முழு நாள் என்றதும் அலுவலகத்தில் உடனே சரி என்றார்கள். ஐந்து அரை நாள் என்று கேட்டபோது தயங்கியவர்கள்தான். என்னைக் கேட்டால், மொத்த மணிக்கணக்கைவிட ஒரு நாளின் நீளம்தான் ஒரு தாயின் வேலையைத் தீர்மானிக்கிறது.

டே நர்சரி பில்லில் சாப்பாடு, நாப்பி, சன்கிரீம் என்று தனிக் கட்டணம் வரும். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். வேலை வீட்டுக்கு அருகிலேயே என்றால் பள்ளி நர்சரியே போதும். தன் வீட்டிலேயே வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரிடம் நாங்கள் விட்டதில்லை, அதனால் ஒப்பிடவில்லை.

பெற்றோர் இருவருக்குமே பொது நிதி உரிமை இல்லாத (அரசு உதவித்தொகைகள் பெற முடியாத) விசா என்றால் இந்த 30 மணி கிடையாது. 3 வயது முடிந்தபின் எல்லோருக்குமான 15 மணி உண்டு. செப்டம்பரில் சேர்க்க, 30 மணிக்குத் தகுதி உண்டு என்று அரசு தரும் கோட் (code) எண்ணை ஆகஸ்ட் 31-க்குள் வாங்கிவிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.