பினாங்கில் இரண்டு சைக்கிள், மூன்று வருடம்

கையில் 2,500 மலேசிய வெள்ளி. அதற்குள் எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு சைக்கிள், ஹெல்மெட், பூட்டு, விளக்கு எல்லாம் முடிந்தாக வேண்டும். அப்படித்தான் இறங்கினோம். ஞாயிறு காலை குவீன்ஸ்பே பக்கத்துக் கடலோரப் பாதை, மாதம் ஒருமுறை பாலிக் புலாவ் வயல்வெளி. எங்கள் ஓட்டம் அவ்வளவுதான்.

எனக்கு ஸ்பிரிங் எதுவும் இல்லாத ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் மவுண்டன் சைக்கிளும் கலந்த வகை), 950 வெள்ளி. அவளுக்கு முன்பக்கம் சஸ்பென்ஷன் வைத்த மவுண்டன் சைக்கிள், 780. “பள்ளத்துல கை வலிக்காதுங்க” என்றாள். நானும் 21 கியரைப் பார்த்து மயங்கிவிட்டேன். பணம் வீணானது அங்கேதான். இந்த விலைக்கு வரும் சஸ்பென்ஷன் வெறும் பாரம். கடற்காற்றில் எட்டே மாதத்தில் அதன் குழாய் துருவேறி, எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மறுத்தது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, அடிக்கடி தண்ணீர் ஊற்றிக் கழுவியது எங்கள் தப்பாம்.

சரி என்று அதை 300க்குத் தள்ளிவிட்டு, என்னுடைய மாதிரியே, ஃபிரேம் மட்டும் சிறியதாகப் பழைய ஹைபிரிட் ஒன்றை 500க்கு எடுத்தோம். அதன் அருமை பஞ்சர் ஆனபோதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு சக்கரம். பையில் ஒரு டியூப் இருந்தால் யாருக்கு ஆனாலும் சமாளிக்கலாம். வால்வும் கார் டயருக்கு வருவது போன்ற தடித்த வகை என்பதால் எண்ணெய் நிலையத்திலேயே காற்றடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், சைக்கிள் டியூப் நொடியில் நிரம்பிவிடும்.

அவளுக்கு முட்டிவலி வேறு வந்தது. 45 வெள்ளிக்கு ஜெல் சீட் உறை வாங்கிப் போட்டோம். அரை மணி நேரம் சுகம். அதற்கு மேல் உடம்பு உள்ளே புதைந்து தொடை உரசியது. முட்டிவலி அப்படியே இருந்தது. கடைசியில் வீட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடைத் தவுக்கே (முதலாளி) அவளை ஏறி உட்காரச் சொல்லி, பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதில் வைக்கச் சொன்னார். கால் மடங்கியே இருந்தது. அது நேராக நீளும்வரை சீட்டை உயர்த்தினார், நான்கு விரல் அளவு இருக்கும். இரண்டு வாரத்தில் வலி போயிற்று. காசும் வாங்கவில்லை.

செயினுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடுகிறது. மறு வாரமே செயின் செம்மண் நிறத்துக்கு வந்து கிறீச்சிட்டது. இப்போது பழைய பனியனால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தையும் துடைத்துவிடுகிறேன். மழையில் நனைந்தால் அன்றே.

ஹெல்மெட்டில் கஞ்சம் பார்க்கவில்லை. உள்ளே ஈஎன் 1078 என்ற ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினோம். காரின் பின்னால் மாட்டும் ஸ்டாண்டு வாங்கவே இல்லை. முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்சீட்டை மடக்கினால் இரண்டும் உள்ளே படுத்துக்கொள்கின்றன.

30 வெள்ளிக்கு அவள் மாட்டிய கம்பிக் கூடையைத்தான் நான் ரொம்பக் கேலி செய்தேன். தண்ணீர் போத்தல், மழைச் சட்டை, தாப்பாவ் (பார்சல்) செய்த லக்சா நூடுல்ஸ் எல்லாம் இன்று அதில்தான் வருகின்றன, என்னுடையதும் சேர்த்து. டுரியான் பருவத்தில் மட்டும், வாங்கும் பழத்தைக் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சொல்கிறாள்; போன வருடம் ஒரு பழம் கூடையின் அடிக்கம்பியை வளைத்துவிட்டது.