பகிர்வு அடைவுக்குக் குழு அனுமதியா, ஏசிஎல்லா?

ஒரே கோப்புகளில் பலர் வேலை செய்யும் லினக்ஸ் சர்வரில் அனுமதிகளை யூனிக்ஸின் பழைய குழு முறையில் வைப்பதா, ஏசிஎல் (ஒவ்வொரு கோப்போடும் இணையும் அனுமதிப் பட்டியல்) மூலம் ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுப்பதா என்ற கேள்வி எங்கள் அலுவலகத்தில் எழுந்தபோது, நான் குழு முறையைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அமைப்பது இரண்டிலும் எளிதுதான். கணக்குப் பிரிவுக்கென ஒரு குழுவை உருவாக்கி, அடைவை (ஃபோல்டரை) அந்தக் குழுவுக்கு மாற்றி, 2770 என அனுமதி கொடுத்தால் (770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை), முன்னால் நிற்கும் 2, அதாவது செட்ஜிஐடி பிட், உள்ளே உருவாகும் ஒவ்வொரு புதுக் கோப்பையும் அடைவின் குழுவிலேயே சேர்த்துவிடும். புதுக் கோப்புகளில் எந்த அனுமதிகளை விலக்க வேண்டும் என்று சொல்லும் யுமாஸ்க் 022 ஆக இருந்தால் சக ஊழியரால் கோப்பைப் படிக்க முடியும், திருத்த முடியாது. ஆகவே அதை 002 ஆக்க வேண்டும். ஏசிஎல்லில் இயல்பு விதியை அடைவிலேயே பதித்துவிடலாம் என்பதால் யுமாஸ்க்கைத் தொட வேண்டியதில்லை; இது அதன் உண்மையான பலம்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, குறிப்பாக ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது செய்ய வேண்டியவை. குழு முறையில் யார் யாருக்கு அனுமதி என்பது குழுக் கோப்பின் ஒரே வரியில் தெரிந்துவிடும். கணக்கை நீக்கும்போது அந்த வரியிலிருந்தும் பெயர் போய்விடும். ஏசிஎல்லில் தனிநபருக்குக் கொடுத்த அனுமதி கோப்புக்குக் கோப்பு அவருடைய யுஐடி எண்ணாக, அதாவது பயனர் அடையாள எண்ணாகப் பதிவாகிறது. 1007 என்ற எண்ணுள்ள கணக்கை நீக்கிய பிறகும் அந்தப் பதிவுகள் அப்படியே கிடக்கும். புதுக் கணக்கை உருவாக்கும் யூசர்ஆட் கட்டளை வழக்கமாக இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்ததைத் தருவதால், நீக்கப்பட்டவர் கடைசியாகச் சேர்ந்தவராக இருந்தால், புதிதாக வருபவருக்கு அதே 1007 கிடைக்கிறது. பழையவரின் அனுமதிகளும் கூடவே வந்து சேர்கின்றன. கோப்பின் உரிமையாளர் எண்ணுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், 2770 அடைவுக்குள் குழுவில் இல்லாதவர் நுழையவே முடியாது. இதோடு, கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளையில் ஏசிஎல்லுக்கான விருப்பத்தைச் சேர்க்க மறந்தால் காப்பு நகலில் அனுமதிகள் விடுபட்டுப் போகும்.

குழு முறையிலும் கவனம் தேவை: ஒருவரைக் குழுவில் சேர்க்க யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி (-G) மட்டும் கொடுத்துச் சிறிய ஏ-வை (-a) விட்டுவிட்டால், அந்தப் பயனர் மற்றத் துணைக் குழுக்களிலிருந்து நீங்கிவிடுவார்.

ஒரு கோப்புக்கு ஒரு குழுதான் என்பதால், கணக்குப் பிரிவு திருத்தவும் தணிக்கையாளர்கள் படிக்க மட்டும் செய்யவும் வேண்டுமென்றால் ஏசிஎல் இல்லாமல் முடியாது; அங்கும் தணிக்கையாளர்களுக்கு ஒரு குழு அமைத்து, அதற்கே அனுமதி கொடுப்பது நல்லது. என் அனுபவம் சிறிய அலுவலகச் சர்வரோடு நிற்கிறது. ஆயிரக்கணக்கான பயனர்களை எல்டாப் என்ற மையப் பயனர் பட்டியல் வழியாக நிர்வகிப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.